கிளிக்குச் சுருதி ஏறிவிட்டது

கதவு திறந்தே இருக்கட்டும், டாக்டரம்மா. ஏசிக் காற்று வெளியே போகும்தான். போகட்டும். என் மனைவி உலகம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பிராணிக்கு ஓர் ஆள்தான் உள்ளே வரலாம் என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள். அவள் காதாவது உள்ளே வரட்டும்.

தராசு வேண்டாம். எடையில் கோளாறு இல்லை. தீனி, இறகு, எச்சம் எதிலும் கோளாறு இல்லை. உங்கள் உதவியாளர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் என்ன தொந்தரவு என்று கேட்டார். சுருதி ஏறிவிட்டது என்றேன். பேனாவை மூடிவிட்டு, "டாக்டர்கிட்டயே சொல்லிடுங்க சார்" என்றார். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். சுருதி ஏறிவிட்டது. முழுசாக ஒரு கட்டை ஏறிவிட்டது. இருபத்துநாலாம் தேதிக்குள் இறக்கியாக வேண்டும்.

சிரிக்கிறீர்கள். மாஸ்க் வாயைத்தான் மறைக்கிறது, கண்ணை மறைக்கவில்லை.

நான் இலஞ்சி கோமதிநாயகம். வாய்ப்பாட்டு. கேள்விப்பட்டதில்லையா? வீட்டில் பெரியவர்கள் யாராவது கச்சேரி கேட்பவர்களாக இருந்தால் 'ஒன்றரைக் கட்டை கோமதிநாயகம்' என்று சொல்லிப் பாருங்கள். அப்பா சர்ச்சில் பாடுவதோடு சரியா? நல்லது. சர்ச்சில் பாடுகிறவர்களுக்குச் சுருதி முக்கியம் என்று தெரியும். எங்கள் சபாக்களில் அந்த நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது.

கட்டை என்றால் விறகு இல்லை. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துக்கொண்டு பாடுகிறோம் என்ற கணக்கு. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றில் நிற்பார்கள். வயசானால் இறங்குவார்கள். இறங்கினேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். 'இப்போது சாரீரத்தில் கனம் கூடியிருக்கிறது' என்பார்கள். விமர்சகர்களும் அப்படியே எழுதுவார்கள். எங்கள் உலகத்தில் கனம் என்று ஒருவர் எழுதினால் இறக்கம் என்று படித்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றரையில் நிற்கிறவன். முப்பது வயசில் ஒன்றரை. இன்றைக்கு அறுபத்தெட்டு, இன்றைக்கும் ஒன்றரை. மீசை நரைத்தது, கடைவாய்ப் பல் போனது, முட்டி மடங்கமாட்டேன் என்கிறது. கட்டை மட்டும் அசையவில்லை. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். கற்பனை எல்லாருக்கும் இருக்கிறது.

நிற்க. இது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்து என்னிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு வருஷமாகிறது. விளரி என்று நான்தான் பெயர் வைத்தேன். பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களில் ஒன்று. என் மனைவி வெள்ளரி என்று கூப்பிடுவாள். அதற்கும் அது திரும்பிப் பார்க்கிறது. பெயர் விஷயத்தில் ரோஷமில்லாத ஜந்து.

பறவைக்குச் சங்கீதம் வருமா என்பதில் எனக்கு ஆராய்ச்சி உண்டு. மயில் ஷட்ஜம், மாடு ரிஷபம், ஆடு காந்தாரம் என்று ஆரம்பித்து யானை நிஷாதம் வரைக்கும் சாஸ்திரக்காரர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எந்த யானையை எந்தத் தம்புராவோடு நிறுத்திக் கேட்டார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் தெரு மாடு சாஸ்திரத்தில் உள்ள மூன்று ரிஷபத்திலும் கத்தும். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சாஸ்திரத்தில் இல்லாத நாலாவது ரிஷபமும் வரும். அதனால் நான் ஏட்டை மூடிவைத்துவிட்டு என் கிளியையே வைத்துச் சோதித்தேன்.

முடிவுகளைச் சொல்கிறேன். எதிர்த்த டீக்கடையில் சினிமாப் பாட்டு போட்டால் தாளம் தப்பாமல் தலையை ஆட்டும். நான் கஷ்டமான பல்லவி பாடினால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தூங்கும். அந்த வகையில் ரசிகர்களுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கீர்த்தனை ஒன்றுகூட ஏறவில்லை. ஏறினதெல்லாம் வேறு. குக்கர் விசில். கூரியர்காரன் பெல். நான் தொண்டையைக் கனைப்பது. கச்சேரியில் பாட்டுக்கு நடுவே மைக்காரரைப் பார்த்து நாங்கள் ஒன்று சொல்வோமே, "மானிட்டர்ல கொஞ்சம் கூட்டுங்க", அது என் குரலிலேயே. பேஷ் என்று ஒரு தடவை சொல்லும் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். சொல்லவில்லை. அந்த விஷயத்தில் இதையும் விமர்சகர்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று வந்தது. தம்புரா வந்தது. பெட்டித் தம்புரா, மின்சாரத்தில் போடுவோமே, அந்த ரீங்காரம். பா, சா, சா, சா என்று நாலு தந்தியும் தனித்தனியாக, மணி மாதிரி. வந்த புதிதில் கூண்டு பாட்டறையில்தான் இருந்தது. நாள் முழுக்கப் பெட்டி பாடும், இது கேட்டுக்கொண்டிருக்கும். ஆறே மாசத்தில் பெட்டியை அணைத்தால் இது ஆரம்பிக்கும். அதே ஒன்றரைக் கட்டையில். மயிரிழை பிசகாது. வருகிறவர்கள் நான் பெட்டியை அணைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து அதைத் தேடுவார்கள்.

அப்புறம், எட்டு வருஷத்துக்கு முன்னால் இருக்கும், என் மனைவி கூண்டைச் சமையலறை பால்கனிக்கு மாற்றிவிட்டாள். பாட்டுச் சத்தம் பறவைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம். எனக்கும் வசதிதான். சாதகத்துக்கு நடுவில் குக்கர் விசில் வராது, வந்தால் நிஜக் குக்கர்தான்.

இப்போது போன மாசத்துக்கு வருகிறேன். என் சிஷ்யை லோசனி, பத்து வருஷமாக வீட்டோடு தங்கிக் கற்றுக்கொள்ளும் பெண், நல்ல ஞானம், கிளி தம்புரா போடுவதைப் போனில் எடுத்து எங்கேயோ போட்டுவிட்டாள். ஊரெல்லாம் பார்த்தது. நாற்பது வருஷம் நான் பாடி வராத பெயர் நாலு நாளில் வந்தது, கிளிக்கு. நாதபிருங்க சபா காரியதரிசி தேசிகன் வீட்டுக்கே வந்தார். அந்த சபாவில் எனக்கு வருஷா வருஷம் மதியம் ஒன்றே முக்கால் கச்சேரி. டிக்கெட் கிடையாது. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் ஏசிக்காக உள்ளே உட்கார்ந்து கண்ணயரும் நேரம். மாலைக் கச்சேரி கொடுங்கள் என்று நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். இந்தத் தடவை அவரே கேட்கிறார். மார்கழியில், இருபத்துநாலாம் தேதி, ஆறு மணிக்கு, பெரிய ஹாலில்.

"பட்சி தம்புரா போடணும். அஞ்சு நிமிஷம் போட்டா போதும். அப்புறம் பெட்டி அதோட சேர்ந்துக்கும், நீங்க பாடலாம்" என்றார்.

பட்சி வராவிட்டால் என்று கேட்டேன்.

"நீங்க மட்டும்னா ஒண்ணே முக்கால்தான் சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சார் என்றாரே.

ஒப்புக்கொண்டேன். யாருக்கு வலிக்கும்? நோட்டீஸில் கிளி படம் பெரிதாகவும் என் படம் தபால் தலை அளவிலும் வந்திருக்கிறது. பக்கவாத்தியம் யார், பாட்டுக்காரன் யார் என்று புதிதாகப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரலாம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆறு மணி ஆறு மணிதானே.

என் மனைவிக்கு மட்டும் இஷ்டமில்லை. பாவம், வாயில்லாப் பிராணி, கூட்டத்தைப் பார்த்தால் பயந்துவிடும் என்றாள். அதன் வாய்க்காகத்தானே கூப்பிடுகிறார்கள் என்றேன். அவள் லோசனியின் முகத்தைப் பார்த்தாள். லோசனி தரையைப் பார்த்தாள். பெண்பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யம் அதிகம்.

ஒத்திகை வைத்தோம். தேசிகன் வந்திருந்தார். மிருதங்கம் வைரவன், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், என்னோடு இருபது வருஷமாக வாசிக்கிறான். கூண்டைப் பாட்டறையில் கொண்டுவந்து வைத்தோம். விளரி அழகாக ஆரம்பித்தது. பா, சா, சா, சா. லோசனி பெட்டியைப் போட்டாள்.

டாக்டரம்மா, உங்கள் ஆஸ்பத்திரியில் நாயும் பூனையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இது ஒரு சா சொல்கிறது, பெட்டி வேறு ஒரு சா சொல்கிறது. நடுவில் ஒரு கட்டை. வைரவன் மின்விசிறியைப் பார்த்தான். லோசனி போனைப் பார்த்தாள். சமையலறையில் தட்டு விழுந்தது. தேசிகன் முப்பது வருஷமாக சபா நடத்துகிறவர், அதனால் சுருதிஞானம் கிடையாது. "ரெண்டுமே நன்னா இருக்கே" என்றார்.

நான் கையை உயர்த்தினேன். கிளி ஏறிவிட்டது என்றேன்.

அப்போது பார்க்க வேண்டுமே. "ஆமா அண்ணாச்சி, ஏறிப்போச்சு" என்றான் வைரவன். "ஏறிடுச்சு சார், நான்கூட நினைச்சேன்" என்றாள் லோசனி. என் வாக்கை அத்தனை பேரும் அத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனாலும் நான் ஆதாரமில்லாமல் பேசுகிறவன் இல்லை. சோதித்துப் பார்த்தேன். பரணிலிருந்து பழைய ஆர்மோனியத்தை இறக்கி ஒன்றரைக் கட்டையை அமுக்கினேன். ஆச்சரியம், அது கிளியோடு சேர்ந்தது, பெட்டியோடு சேரவில்லை. ஆர்மோனியமும் ஏறியிருக்கிறது. பித்தளை நாக்குகள் பரண் சூட்டில் ஏறும் என்று வைரவன் சொன்னான். சரி, என் பழைய கேசட் ஒன்றைப் போட்டேன். இருபது வருஷத்துக்கு முந்திய கச்சேரி. அதுவும் கிளியோடு சேர்ந்தது. டேப்ரெக்கார்டரில் மோட்டார் வேகமாக ஓடுகிறது சார் என்று லோசனி சொன்னாள். ஆக, கிளி ஏறியிருக்கிறது, ஆர்மோனியம் ஏறியிருக்கிறது, கேசட் ஏறியிருக்கிறது. எல்லாம் ஒரே அளவு. என் வீட்டில் ஏறாமல் இருப்பது நானும் பெட்டியும்தான்.

காரணம் யோசித்தேன். பௌதிகம் படித்தவன் நான். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். புல்லாங்குழல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், வெயிலில் குழல் ஏறும். பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள். பனிமலை உருகுகிறது என்கிறார்களே, சுருதி என்ன ஆகும் என்று எந்த விஞ்ஞானியாவது யோசித்தானா? இதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதலாம் என்று இருக்கிறேன்.

பெட்டி ஏன் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. லோசனி அதை உயிர் மாதிரி பார்த்துக்கொள்கிறாள். என்னைத் தொடவே விடமாட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை, சீசனுக்கு முன்னால், நான் குளிக்கும் நேரமாகப் பார்த்து அவளும் என் மனைவியுமாகத் துடைத்துவைப்பார்கள். கட்டை எத்தனை என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். "அதே ஒன்றரதான் சார்" என்பாள். திருகுமேல் இருந்த எண்ணெல்லாம் துடைத்துத் துடைத்தே அழிந்துபோயிற்று. அவ்வளவு சுத்தம்.

மற்றபடி எல்லாம் மாறுகிறது. வைரவன் முன்னே சின்ன மிருதங்கம் கொண்டுவருவான். சில வருஷமாகப் பெரிய மிருதங்கத்தைச் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறான். ஏன் தம்பி என்றால், "புது மரம் அண்ணாச்சி, கொஞ்சம் பெரிசா அமைஞ்சுபோச்சு" என்கிறான். பெரிய மிருதங்கம் கீழ்ச்சுருதிக்குத்தான் ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மரத்துக்கு மரம் வித்தியாசம் இருக்கும் போலிருக்கிறது.

இந்தக் கிளியும் கொஞ்ச நாளாக என் மனைவி குரலில் புதிதாக ஒன்று சொல்கிறது. "இன்னும் கொஞ்சம் இறக்கு லோசனி. மெதுவா. போதும், போதும். அவுக வாறதுக்குள்ள." எங்கே கேட்டதென்று முதலில் புரியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பால்கனியில் மூங்கில் திரை இருக்கிறது. என்ன உலகு, திரையைத்தானே இறக்கச் சொன்னே?

கேட்டீர்களா? "ஆமாங்க, வெயிலு அடிக்கும்லா" என்கிறாள். நான் சொல்லவில்லையா. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், பதறாமல் யோசித்தால் கிடைக்கும்.

ஆகவே டாக்டரம்மா, விஷயம் இதுதான். கிளியை ஒரு கட்டை இறக்க வேண்டும். சொட்டு மருந்தோ, ஊசியோ, தீனியில் மாற்றமோ, உங்கள் சாஸ்திரத்தில் என்ன இருக்கிறதோ. இறங்காவிட்டால் ஆறு மணி போய்விடும். டாக்டரிடம் காட்டுவோம் என்று நான் சொன்னபோது என் மனைவி உடனே செருப்பைப் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பு சரியில்லாதபோதுகூட அவ்வளவு வேகம் காட்டினதில்லை.

இதோ, ஆரம்பித்துவிட்டது. பயம் தெளிந்தால் போடும் என்று சொன்னேனே. கேளுங்கள். பா... சா, சா, சா. எப்படி இருக்கிறது? தந்தி அதிருகிற ரீங்காரம்கூட இருக்கிறது பாருங்கள்.

போனில் என்ன பார்க்கிறீர்கள்? உங்கள் தம்பி கிடார் சுருதி பார்க்கிற ஆப்பா? காட்டுங்கள். சி ஷார்ப். பக்கத்தில் பச்சை விளக்கு வேறு.

உலகு! டாக்டரம்மா மருந்து எழுதுறாங்க, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும். நீ கீழே போய் ஒரு ஆட்டோவைப் பிடிச்சு நிறுத்தி வை. கூண்டு இருக்குன்னு முதல்லயே சொல்லிடு, அப்புறம் தகராறு பண்ணுவான். பார்த்து இறங்கு.

இப்போது கதவைச் சாத்துங்கள்.

சி ஷார்ப் என்றால் ஒன்றரைக் கட்டை. தெரியும், டாக்டரம்மா. ஒரு ஆண்பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்கிறதா நழுவுகிறதா என்று தெரியாதா?

முதல் வருஷம் பெட்டியை இறக்கினபோதே, முதல் சா பாடும்போதே தெரிந்துவிட்டது. யார் பெட்டியைத் தொட்டது என்று கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். நிமிர்ந்தால், சமையலறை வாசலில் அவளும் லோசனியும் நிற்கிறார்கள். தூங்க வைத்த குழந்தை முழித்துக்கொள்ளுமோ என்று நிற்பார்களே, அப்படி. கத்தத் திறந்த வாயில் பாடிவிட்டேன். அதற்கு முந்தின ரெண்டு வருஷமாக மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கும், அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வாள். அன்றைக்குக் குனியவில்லை. அப்புறம் என்ன, அவர்கள் வருஷா வருஷம் கொஞ்சம் இறக்கினார்கள், நான் வருஷா வருஷம் கட்டை எத்தனை என்று கேட்டேன். கேட்காவிட்டால் சந்தேகம் வரும் பாருங்கள்.

தொண்டைக்கும் சுகம், கௌரவத்துக்கும் சுகம். இரண்டையும் ஒரே ஆள் எனக்காகத் திருடிக்கொண்டு வந்து தருகிறாள். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகானா?

இந்தச் சனியன் பிடித்த கிளியை யாரும் இறக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த வீட்டில் நிஜமான ஒன்றரைக் கட்டை. பெரிய ஹாலில், அத்தனை பேர் முன்னால் இது வாயைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் ஒரு கிழவன் ஆர்மோனியத்தை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எனக்குக் கனம் கூடிவிட்டது என்று எழுதிவிட்டுப் போவான். எழுதட்டும். அது பெரிசில்லை. பேப்பரைப் பார்த்ததும் அவள் என்னிடம் வந்து நான்தான் செய்தேன் என்று சொல்லி அழுவாள். தெரியும் என்று சொன்னால், எட்டு வருஷமாக நீங்கள் நடித்தீர்களா என்று இன்னும் அழுவாள். தெரியாது என்று சொன்னால் என்னைக் காது கேட்காதவன் என்று நினைப்பாள். மூன்றுமே எனக்குச் சம்மதமில்லை.

நானாக ஆறு மணியை வேண்டாம் என்று சொன்னால் நம்பமாட்டாள். நாற்பது வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததைப் பார்த்தவள். நீங்கள் சொன்னால் நம்புவாள். பறவைக்குத் தொண்டையில் கோளாறு, கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, வெளிச்சம் ஆகாது, மைக் ஆகவே ஆகாது. ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், தேசிகனிடம் காட்டுகிறேன். ஒன்றே முக்கால் கச்சேரி எங்கேயும் போகாது. அந்த நேரத்தில் எந்தக் கட்டையில் பாடினாலும் தூக்கம் ஒன்றுதான்.

ஊசி எதுவும் போட்டுவிடாதீர்கள். அது பாட்டுக்கு ஒன்றரையில் இருக்கட்டும். அவள் மார்க்கெட்டுக்குப் போகிறபோது நான் பெட்டியை அணைத்துவிட்டு பால்கனியில் போய் உட்கார்ந்து அதோடு கொஞ்சம் பாடுவேன். மேல் சா எட்டாது. எட்டாத இடம் வந்தால் அது என் குரலில் கனைக்கும். பிறகு மானிட்டரைக் கூட்டச் சொல்லும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள்தான், இடது கால் கொஞ்சம் இழுக்கும். கதவைத் திறந்துவிடுங்கள். ஏறிவிட்டது என்றே சொல்லுங்கள் டாக்டரம்மா. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.